காம்போச நாட்டுச் சிவாலயங்களும் தேவராசன் என்னும் பெயரும்



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திருக்கோயிற் குடமுழுக்கு விழாவில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டேன். அம்மேடையில், “காம்போச நாட்டு அங்கோர் வாட் என்னும் பெருங்கோயிலை எடுப்பித்தவன் தமிழ் வேந்தனே, அந்நாட்டு மன்னர் யாவரும் நம் பல்லவர் வழியினரே” என்று உரத்த குரலிற் கூறினேன். கூட்டத்தார் நெடுநேரம் கைகொட்டினர். அதற்குச் சான்று யாது என ஒருவரும் வினவவில்லை. யானும் என்னை வினவிக்கொண்டேனல்லேன். எங்கோ படித்தவர் ஒருவர் என்னிடம் கூறியதே என் சான்றாக இருந்தது. தருக்க நூலை மாணாக்கர்க்கு நாற்பதாண்டு பாடஞ் சொன்ன ஒருவன், காட்சியும் கருதலும் உரையும் ஆகிய அளவைகளுள் ஒன்றனையும் கொள்ளாது ஒரு பொருளைத் துணிந்து கூறினான் என்பது நாணத்தக்கதே. சென்ற தைத் திங்களில் அந்நாட்டை நேரிற் காணும் பேறு கிடைத்தது. கண்டவற்றையும், கண்டபின் நூல்களிற் கற்றவற்றையும், அவற்றான் எழுந்த சமய ஆராய்ச்சி ஒன்றனையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

சிங்கப்பூரில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் பயணச் செலவு முழுமையும் தாமே ஏற்று, என்னைச் சீயம் ரீப் என்னும் நகரத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே 2023ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய விமான நிலையம் நகரினின்றும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளது. ஆகலின் நகருக்குள் புகுமுன்னரே நாட்டுப்புறத்தைக் கண்ணாரக் காணலாயிற்று. முதலிற் கண்ணிற் பட்டது பனை. வயல் வரப்புகள்தோறும் பனை. வீட்டுப் புறக்கடைதோறும் பனை. இதுவே அந்நாட்டின் தேசிய மரம் என்றும், கெமர் மொழியில் த்னோட் என்பது அதன் பெயர் என்றும் வண்டியோட்டி கூறினார். சாலையோரத்தில் அகன்ற இரும்புச் சட்டியில் பதநீர் காய்ச்சி வெல்லம் எடுக்கும் பெண்டிரைக் கண்டபோது, யான் பிறந்த சிற்றூரின் வாசனையே அங்கு வீசியது. சைவ உணவினர் ஒன்றனை மட்டும் கருத்தில் வைத்தல் வேண்டும். ப்ரஹோக் என்னும் புளித்த மீன் விழுது அந்நாட்டுக் கறி பலவற்றினும் கலந்திருக்கும். கீரைக் குழம்பு என்று நம்பி உண்ணலாகாது. யாம் சோறும் பழமும் பனைவெல்லமும் கொண்டே பெரும்பாலும் காலங் கழித்தேம்.

கார்த்திகை முதல் மாசி வரை மழையும் வெப்பமும் குறைந்திருக்கும். முதியோர்க்கு அதுவே தக்க பருவம். அங்கோர்ப் பகுதிக் கோயில்களைக் காண ஒரு நாளைக்கு 37 டாலரும், மூன்று நாளைக்கு 62 டாலரும், ஏழு நாளைக்கு 72 டாலரும் கட்டணம். முதியவன் ஆகலின் யான் ஏழு நாட் சீட்டே பெற்றேன். ஒரு நாளிற் பத்துக் கோயில் ஓடிக் காண்பது காட்சியாகாது. பழைய போரிற் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் காட்டுப் பகுதிகளில் இன்னும் முற்றும் அகற்றப்படவில்லை ஆதலின், வகுத்த வழியை விட்டு விலகுதல் கூடாது.

அந்நாட்டிற்கு வளம் தருவது தோன்லே சாப் என்னும் ஏரி. கோடையில் ஏறத்தாழ 2,500 சதுரக் கிலோமீட்டர் அளவாய்ச் சுருங்கிக் கிடக்கும் அது, மழைக்காலத்தில் மீகாங் பேராறு பெருகும்போது 15,000 சதுரக் கிலோமீட்டர் வரையும் விரியும். வியப்பு யாதெனின், ஏரியினின்றும் மீகாங்கை நோக்கி ஓடும் ஆறு அப்பருவத்தில் எதிர்த்துத் திரும்பி ஏரியை நோக்கி ஓடுகின்றது. வெள்ளம் வடியும்போது ஆறு மீண்டும் தன் வழி ஓடும். அதற்கு நாட்டார் நவம்பர் அளவில் விழா எடுத்துப் படகுப் போட்டி நடத்துவர். இம்மீனும் இந்நெல்லும் இல்லையெனின் அப்பெருங்கோயில்கள் எழுந்திரா என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இனி, யான் மேடையிற் கூறியதனை எடுத்துக்கொள்வேம். காம்போச மன்னர் பெயர்கள் “வர்மன்” என முடிதலின் அவர் பல்லவர் என்பது பலர் கூறும் ஏது. இவ்வேது அநைகாந்திகம், அஃதாவது சாத்தியம் இல்லாவிடத்தும் செல்வது. வர்மன் என்பது அரசர்க்குரிய வடமொழிச் சிறப்புப் பெயர். கதம்பரும் மௌகரியரும் அதனைக் கொண்டனர். அவரெல்லாம் பல்லவர் ஆயினாரோ? கெமர் எழுத்துப் பல்லவர் காலத்துத் தென்னாட்டு எழுத்தோடு நெருங்கிய உறவுடையது என்பது மெய். எழுத்துக் கடல் கடந்தது கொண்டு அரசரும் கடல் கடந்தார் எனல் யாங்ஙனம்? அக்கல்வெட்டுகளை நோக்கின், வடமொழிப் பகுதி கடவுளையும் மன்னரையும் புகழும். கெமர் மொழிப் பகுதி கோயிற்கு விடப்பட்ட நிலத்தையும், நெல்லின் அளவையும், பணிசெய்தார் பெயர்களையும் நிரல்பட எழுதும். புகழுக்கு ஒரு மொழி, கணக்கிற்கு ஒரு மொழி. அக்கணக்கிலுள்ள மக்களே அக்கோயில்களைக் கட்டினோர்; அவர் கெமர் மக்கள். அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் என்னும் கெமர் மன்னனாற் திருமாலுக்கு எடுக்கப்பெற்றது. இற்றைக்குப் பௌத்தர் வழிபடும் இடமாய் விளங்குவது. அதன் அகழியின் அகலம் 190 மீட்டர். நடுக்கோபுரத்தின் உயரம் நிலத்தினின்றும் 65 மீட்டர் அளவு. அதனைப் பற்றி எழுதியோர் மிகப் பலர் ஆதலின் யான் விடுக்கின்றேன்.

அற்றேல், தமிழ் நாட்டிற்கும் அந்நாட்டிற்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. முதல் இராசேந்திர சோழனுக்குக் காம்போச மன்னன் ஒரு தேரை அனுப்பி நட்பு வேண்டினான் என்று கரந்தைச் செப்பேடு கூறும். தில்லைத் திருக்கோயிலில் முதற் குலோத்துங்கன் காலத்து, 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, காம்போச அரசன் அளித்த அரியதொரு கல் கூத்தப்பெருமான் திருமுன்னர்ப் பதிக்கப்பட்ட செய்தியைச் சொல்லும். இவை இரண்டு நாட்டு வேந்தர் ஒருவரையொருவர் மதித்தமைக்குச் சான்று; ஒருவர் மற்றொருவரைப் பெற்றார் என்பதற்குச் சான்றல்ல. நட்பை உறவாக்கி, உறவை உரிமையாக்கிக் கொள்வது நம்மவர்க்கு எளிதாய்விட்டது. யானும் அங்ஙனமே செய்தேன்.

இரண்டாம் நாள், ரோலுவோசு என்னும் ஊர்ப்புறத்திலுள்ள ப்ரே கோ என்னும் கோயிலிற்குச் சென்றேம். அப்பெயர்க்குத் திரு எருது என்பது பொருள். செங்கல்லால் எடுத்த ஆறு கோபுரங்கள் ஒரே மேடைமேல் இரு வரிசையாய் நிற்கின்றன. முன்னே கல் நந்திகள் கோபுரங்களை நோக்கிக் கிடக்கின்றன. முதலாம் இந்திரவர்மன் 879ஆம் ஆண்டில் எடுப்பித்தது இது. முன்வரிசை மூன்றும் பரமேசுவரன், ருத்திரேசுவரன், பிருதிவீந்திரேசுவரன் என்னும் பெயராற் சிவனுக்கு உரியன. ஆயின் பரமேசுவரன் என்பது அவனுக்கு முன் ஆண்டிறந்த இரண்டாம் சயவர்மனுக்கு இறந்தபின் வழங்கிய பெயர். மற்றை இரண்டும் பாட்டன், தந்தை ஆகியோர் பெயரொடு சார்ந்தவை. பின்வரிசை மூன்றும் அவர் மனைவியரை நோக்கித் தேவியர் பெயரால் அமைந்தவை.

என் மாணாக்கர் நந்தியருகே அமர்ந்து, “ஐயா, செத்துப்போன அரசர்களைச் சிவன் என்று வைத்து வழிபட்ட இடத்தில் நாம் எப்படிக் கைகூப்புவது? பசுவைப் பதி என்று கொண்டவர்களல்லவா இவர்கள்?” என்று வினவினார். “தம்பி, அவசரப்படாதே, இரவு சொல்லுகிறேன்” என்றேன். உண்மையில் அன்றிரவு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஊர் திரும்பிய பின்னரே, கல்வெட்டு மொழிபெயர்ப்புகளையும் ஆராய்ச்சி நூல்களையும் வரவழைத்துப் படித்து, அவர் வினாவிற்கு விடை தேடினேன். அவ்விடை வருமாறு.

காம்போசச் சைவத்தின் நடுநாயகமாக வைத்துப் பேசப்படுவது “தேவராசன்” என்னும் மூர்த்தம். சுடோக் கக் தோம் என்னுமிடத்து 1052ஆம் ஆண்டளவிற் பொறிக்கப்பட்ட பெருங்கல்வெட்டு அதன் வரலாற்றைக் கூறும். இரணியதாமர் என்னும் அந்தணர் மகேந்திர மலையில், இற்றைக்குப் ப்னோம் கூலேன் எனப்படும் குன்றில், இரண்டாம் சயவர்மனுக்காக ஒரு கிரியை செய்தார். காம்போசம் சவா என்னும் நாட்டிற்குக் கீழ்ப்படாதிருத்தலும், சக்கரவர்த்தி ஒருவனே ஆதலும் அதன் பயன். அக்கிரியையைச் சிவகைவல்லியர் என்னும் புரோகிதர்க்கு அவர் கற்பித்தார். அவர் குடும்பத்தார் இருநூற்றைம்பது ஆண்டளவும் அவ்வழிபாட்டைக் காத்து வந்தனர். இந்நிகழ்ச்சியை 802ஆம் ஆண்டில் வைப்பர்.

தேவராசன் என்னும் தொடரை முன்னை ஆராய்ச்சியாளர் பலர், “தேவனாகிய அரசன்” என விரித்தனர். அஃது உண்மையாயின் மாணாக்கர் கூறிய குற்றம் நிற்கும். ஆயின் அத்தொடர் ஆறாம் வேற்றுமைத் தொகையாகவும் விரியும். “தேவர்களுக்கு அரசன்” என்றால் அது சிவபெருமானையே குறிக்கும். இருபொருள் படும் தொகையை எதுகொண்டு துணிவது? அதே கல்வெட்டின் கெமர் மொழிப் பகுதி துணையாகின்றது. அங்கே அம்மூர்த்தம் “கம்ரதெங் ஜகத் த ராஜ” எனப்படுகின்றது. கம்ரதெங் ஜகத் என்பது உலக நாயகன் எனக் கடவுளர்க்கு வழங்கும் பெயர். த ராஜ என்பது அரசனாயுள்ள என்னும் அடை. ஆகவே விசேடியம் கடவுள், விசேடணம் அரசு. அரசனைக் கடவுளாக்கியதன்று, கடவுளை அரசனாக்கியது அத்தொடர். செருமானிய அறிஞர் குல்கே என்பார் 1978இல் எழுதிய நூலில், தேவராசன் என்பது அரசன் தெய்வமாதலைக் குறியாது என்று காட்டியுள்ளார்.

இனி, மன்னன் பெயரோடு ஈசுவரப் பெயர் புணர்ந்து வருவது குற்றமன்றோ எனின், அன்று. இந்திரவர்மன் பாகோங் என்னும் படிக்கோயிலில் 881இல் நிறுவிய இலிங்கம் இந்திரேசுவரன்; யசோவர்மன் ப்னோம் பாக்கெங் குன்றில் நிறுவியது யசோதரேசுவரன். தஞ்சையில் இராசராசேச்சுரமும், காஞ்சியில் இராசசிம்மேச்சுரமும் நம்மிடையே உளவன்றோ? “இராசராசனால் எடுக்கப்பெற்ற ஈச்சுரம்” என்று நாம் விரிப்பதுபோலவே அவற்றையும் விரிக்க. பாட்டன் பெயராலும் தந்தை பெயராலும் எடுத்த கோபுரங்களுக்கும் நம் நாட்டில் ஒப்பு உண்டு. இறந்த சோழ வேந்தர் பெயரால் எழுந்த பள்ளிப்படைக் கோயில்களை நோக்குக. மேற்பாடியில் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுத்த அரிஞ்சிகை ஈச்சுரத்தில் நாம் கைகூப்பத் தயங்குவதில்லை. தன் வீட்டில் உள்ளதனை அயல் வீட்டிற் கண்டு முகஞ்சுளிப்பது நியாயமன்று.

இதனினும் வலிய சான்று, அம்மன்னர்க்கு இறந்தபின் வழங்கிய பெயர்களே. இந்திரவர்மன் ஈசுவரலோகன் எனப்பட்டான், யசோவர்மன் பரமசிவலோகன், முதலாம் அர்ஷவர்மன் ருத்திரலோகன், நான்காம் சயவர்மன் பரமசிவபதன், இராசேந்திரவர்மன் சிவலோகன். இவற்றைச் சித்தாந்தக் கண்கொண்டு நோக்குக. தானே சிவன் ஆயினவன் சிவலோகத்தை அடைதல் எற்றுக்கு? அடைவான் வேறு, அடையப்படும் பதம் வேறு, பதத்திற்கு உரியவன் வேறு என்று இப்பெயர்களே பறைசாற்றுகின்றன. இவை சாலோகமாதி பதமுத்திகளைக் குறிப்பனவன்றிப் பரமுத்தியாகிய சாயுச்சியத்தைக் குறிப்பனவல்ல. உயிர்நீத்த மன்னர்க்கு அந்நாட்டுச் சைவர் வேண்டியது இத்துணையே. இதில் அடக்கம் தோன்றுகின்றதன்றிச் செருக்குத் தோன்றவில்லை.

ஆயினும் ஒன்று என்னை இடர்ப்படுத்துகின்றது. இரண்டாம் சயவர்மனுக்கு வழங்கியது பரமேசுவரன் என்னும் பெயர். அதில் லோகமும் இல்லை, பதமும் இல்லை. இதனை யாங்ஙனம் அமைப்பது? அந்நாட்டுச் சைவத்தின் முதல் வடிவம் பாசுபதம். ஏழாம் நூற்றாண்டில் ஈசானவர்மன் தலைநகராயிருந்து, இன்று சம்போர் ப்ரேய் கூக் எனப்படும் ஈசானபுரத்துக் காலத்திலேயே பாசுபதர் கல்வெட்டுகளிற் குறிக்கப்படுகின்றனர். பாசுபதர் கொள்கை யாதென நம் ஆசிரியர் கூறியதை நினைவு கூர்க. குடும்பப் பாரத்தைத் தகுதியுற்ற மகன்மேல் வைத்துத் தந்தை ஓய்ந்திருத்தல்போல, இறைவன் தன் குணங்களைப் பக்குவமுற்ற ஆன்மாவின்கண் பற்றச் செய்து, தன் அதிகாரத்தையும் அதற்கு அளிப்பான் என்பது அவர் துணிபு. அரசுரிமை தந்தையினின்று மகனுக்குச் செல்வதைக் கண்முன் காணும் அரசவையில் இக்கொள்கை எத்துணை இனிமையாய்ப் புகுந்திருக்கும்! பரமேசுவரன் என்னும் பெயர் அவ்வழி வந்ததாகலாம். இது யான் கருதலளவையாற் கூறுவதே. கல்வெட்டு இங்ஙனம் சொல்லவில்லை.

இங்கேதான் சித்தாந்தம் வேறுபடுகின்றது. முத்தியில் உயிர் சிவத்தோடு இரண்டற நிற்பினும், ஐந்தொழிற்கு உரியவன் முதல்வன் ஒருவனே. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. சார்பாய் நிற்றல் இறைவன் இயல்பு. கதிரொளியிற் கண் விளங்கும், கதிரவன் ஆகாது. எனவே பரமேசுவரன் என்னும் பெயரை நாம் வழிமொழிதல் இயலாது. ஆயினும் அதனை வைத்து அந்நாட்டுச் சைவம் முழுதும் அரசனைத் தொழும் சமயம் என்று தள்ளுதலும் இயலாது.

தேவராசனுக்குரிய கிரியை எந்நூல்வழிப்பட்டது என்பதையும் கூறல் வேண்டும். அக்கல்வெட்டு வீணாசிகம், நயோத்தரம், சம்மோகம், சிரச்சேதம் என நான்கு நூல்களை எடுத்தோதி, அவற்றைத் தும்புருவின் நான்கு முகம் என்னும். இவை நம் சிவாகமம் இருபத்தெட்டனுள் அடங்கா; இடப்பக்கத்து வாம முகத்தினின்றும் தோன்றிய தந்திரங்கள் என்பர். இவற்றுள் வீணாசிகம் ஒன்று கிடைத்து 1985இல் அச்சேறியுள்ளது. பாசுபதமும் வாமமும் ஆகிய இரண்டனையும் நம்மவர் அகப்புறச் சமயத்துள் வைத்தனர். புறத்தே தள்ளினாரல்லர், அகத்தே ஒட்டினாருமல்லர். காம்போசச் சைவத்தைப் பெரும்பாலும் அந்நிலையில் வைத்து மதித்தலே நேரிது என்பது என் முடிபு. இதுபற்றி விரிவாய் அறிய விழைவோர், அலெக்சிஸ் சாண்டர்சன் என்னும் ஆங்கில அறிஞர் கெமர் மக்களிடையே சைவம் என்பது பற்றி எழுதிய பெருங்கட்டுரையைக் காண்க.

மூன்றாம் நாள் விடியலில் பண்டேய் சிரே என்னும் கோயிலிற்குப் போயினேம். சீயம் ரீப்பினின்றும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அரசனல்லாத ஒருவர் எடுப்பித்த கோயில் இது. முதலாம் அர்ஷவர்மன் பேரரும், ஐந்தாம் சயவர்மனுக்கு ஆசிரியருமாகிய யக்ஞவராகர் என்பார் 967ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள் இதனைப் பிரதிட்டை செய்வித்தார். மருத்துவம் வல்லவரும் வறியோர்க்கு உதவியவருமாகிய அவர், சிவலிங்கத்திற்குத் தம் பெயரை இடவில்லை. திரிபுவன மகேசுவரன் என்றே பெயரிட்டார். மேற்கூறிய ஆராய்ச்சியில் இதனையும் ஒரு பக்கம் வைத்து எண்ணுக.

கோயில் மிகச் சிறிது. நடுக்கோபுரம் பத்து மீட்டர் அளவே உயரும். கல்லின் நிறமோ இளஞ்சிவப்பு. காலைக் கதிர் படும்போது மாந்தளிர் போலத் தோன்றும். ஓரிடமேனும் செதுக்காது விடப்படவில்லை. தென்பாலுள்ள நூலகம் எனப்படும் மண்டபத்தின் கீழ்முகப்பில் இராவணன் திருக்கயிலையை அசைக்கும் காட்சி உள்ளது. பல தலையும் பல கையும் கொண்டு அடியில் அவன் முயல, விலங்குகளும் முனிவரும் வெருவ, உச்சியில் அம்மை அஞ்சி அப்பனைப் பற்ற, அப்பன் ஒன்றும் நிகழாததுபோல வீற்றிருக்கின்றான். ஞானசம்பந்தப் பெருமான் பதிகங்களின் எட்டாம் பாட்டில் இளமை முதல் ஓதிவந்த வரலாற்றை, அந்நாட்டுக் கற்றச்சன் ஒருவன் உளியால் ஓதியிருக்கக் கண்டேன். மேல்முகப்பிற் காமன் கரும்புவில்லை வளைக்கின்றான்.

இவற்றினும் என்னை நிறுத்தியது கோபுரவாயில் ஒன்றன் முகப்பு. பத்துக் கைகளோடு ஆடும் பெருமான். அவன் அடியருகே வற்றிய மார்பும் எலும்பெழுந்த மேனியுமாய் ஒரு பெண்ணுருவம். அவர் நம் காரைக்காலம்மையாரே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அம்மையார் காலம் ஆறாம் நூற்றாண்டளவு. இக்கோயில் பத்தாம் நூற்றாண்டினது. சோழர் படை எதுவும் அங்குச் சென்று அம்மையாரை நாட்டவில்லை. வணிகரோ, துறவியரோ, யாரோ ஒருவர் வாய்மொழியாய்க் கொண்டுசென்ற வரலாறு, நானூறு ஆண்டளவிற்குப்பின் அயல்நாட்டுக் கல்லிற் பூத்தது. எழில் வேண்டா, பேயுருவே வேண்டும் என்று இரந்துபெற்ற தாயாரை, எழிலே வடிவாகிய அக்கோயிலில் கண்டபோது என் கண்கள் நிறைந்தன. அரசன் தமிழன் என்று மேடையிற் கூவிய எனக்கு, இந்த மெய்யான தொடர்பு அந்நாள் தெரியாதிருந்ததே என்பது வருத்தத்தை மிகுத்தது.

திருட்டைப் பற்றியும் சொல்லல் வேண்டும். 1923இல் பிரஞ்சு எழுத்தாளர் மால்ரோ இக்கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்துச் சென்று பிடிபட்டார். நான்காம் சயவர்மன் தலைநகராகிய கோ கேரில், உள்நாட்டுப் போர்க் காலத்தே சிலைகள் அடியோடு அறுக்கப்பட்டு மேல்நாடுகளுக்கு விற்கப்பட்டன. அவற்றுட் சில 2013, 2014ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவினின்றும் மீட்கப்பட்டன. ஐந்து முகமும் பத்துக் கைகளும் உடையதாய் அங்கிருந்த ஆடும் சிவன் திருவுரு எண்ணற்ற துண்டுகளாய்ச் சிதறியது. பாதம் மட்டும் பீடத்தில் எஞ்சி நிற்பதைக் காணும் கொடுமை, நம் நாட்டிற் செப்புத் திருமேனிகளை இழந்த ஊரார்க்கு நன்கு விளங்கும்.

ஆயின் கேடு செய்தோர் பிறரே என்று சொல்லிவிட முடியாது. ஏழாம் சயவர்மன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பௌத்தனாய் நின்று எடுத்த ப்ரே கான் முதலிய கோயில்களில், அடுத்த நூற்றாண்டிற் புத்தர் திருவுருவங்கள் பல செதுக்கி அழிக்கப்பட்டன; சிலவற்றை இலிங்கமாகவும் முனிவராகவும் திருத்தியிருக்கின்றனர். எட்டாம் சயவர்மன் காலத்துச் சைவர் செயல் இஃது என்பர். உளியின் தழும்பை யான் விரலால் தடவிப் பார்த்தேன். பிறர் மூர்த்தத்தைச் சிதைத்து நிறுவிய இலிங்கத்திற்கு எந்த ஆகமம் பிரதிட்டை விதிக்கும்?

அதற்கு அண்மையில், 1296ஆம் ஆண்டில் அங்கோருக்கு வந்து ஓராண்டளவு தங்கிய சோ தாக்குவான் என்னும் சீனர், அந்நகரின் சமயத்தார் மூவகையினர் என்று எழுதியுள்ளார். அவருள் ஒருவகையினர் வழிபடுவது கல் ஒன்றே என்றும், அவர் தலையிற் சிவப்பு அல்லது வெள்ளைத் துணி அணிவர் என்றும், அவர் கோயில்கள் பௌத்தர் கோயில்களினும் சிறியன என்றும், பிறர் தரும் உணவை அவர் உண்ணார் என்றும் கூறுகின்றார். அவர்க்கு அவர் எழுதிய பெயரைப் பாசுபதர் எனச் சிலரும் தபசுவி எனச் சிலரும் கொள்வர். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் ஓங்கிய சைவத்தின் இறுதி நாட்களை நேரிற் கண்டு எழுதியவர் இவ்வயலாரே. பின்னர் நாடு தேரவாத பௌத்தத்தைத் தழுவியது.

தங்ரேக் மலைமுடியிலுள்ள சிகரேசுவரன் கோயிலாகிய ப்ரே விகாரை யான் காணவில்லை. அக்கோயில் காம்போசத்திற்கே உரியது என்று 1962இல் உலக நீதிமன்றம் தீர்ப்பளித்தும் பூசல் ஓயாது, 2025ஆம் ஆண்டில் தாய்லாந்துக்கும் காம்போசத்திற்கும் எல்லைப் போர் மூண்டது. அப்பக்கம் செல்லற்க என்று எம்மைத் தடுத்தனர்.

இறுதி நாள் கபல் சிபியன் என்னும் மலையாற்றிற்குச் சென்றேம். மலையடியினின்றும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டுவழியே ஏறல் வேண்டும்; வேரும் பாறையும் மிகுதி. மாணாக்கர் கைகொடுத்து, பல இடத்தில் என்னை அமர்த்தி, மெல்ல அழைத்துச் சென்றார். மேலே ஆற்றின் படுகைப் பாறை முழுதும் சிறுசிறு இலிங்கங்களாய்ச் செதுக்கப்பட்டிருக்கின்றது. எண்ணில் ஆயிரம் என்பர். 11ஆம் நூற்றாண்டிற் செய்த பணி. இடையிடையே திருமாலின் அரிதுயிற் கோலமும், எருதின்மேல் உமையும் சிவனும் உண்டு. தெளிந்த நீர் இவ்விலிங்கங்கள்மேல் ஓயாது வழிந்து, கீழே சீயம் ரீப் ஆற்றிற் கலந்து, வயல்களையும் ஏரியையும் சேர்கின்றது. பூசகர் ஒழிந்து எழுநூறு ஆண்டாயினும் அபிடேகம் ஒருநாளும் ஒழியவில்லை.

யான் திருநீற்றுப் பையும் சிறிது வில்வமும் கொண்டு சென்றிருந்தேன். கற்களின்மேல் எதனையும் இடலாகாது என்று காவலர் பணிவாய்க் கூறினார். அவர் கூறியது முறையே. வழிபாடு நெடுங்காலம் நின்றுபோன மூர்த்தத்திற்குப் பிராயச்சித்தமின்றிப் பூசை தொடங்க நம் ஆகமமும் இடந்தராது. கரையில் ஒரு பாறைமேல் அமர்ந்து, மனத்துள்ளே ஐந்தெழுத்தை எண்ணி, அகப்பூசையாகச் செய்து முடித்தேன். அப்போது உள்ளூர் மூதாட்டி ஒருவர், தம் பேர்த்தியோடு வந்து, நீரைக் கையால் முகந்து, குழந்தையின் தலையிலும் தம் தலையிலும் தெளித்துக்கொண்டு, எம்மை நோக்கிக் கைகூப்பிச் சென்றார். மாணாக்கர், “ஐயா, அந்த அம்மாள் பௌத்தர்தாமே?” என்றார். ஆம் என்றேன்.

ஊர் திரும்பியதும், முன்னர்க் கூறிய விழாச் சபையார்க்கு, யான் மேடையிற் பேசியது பிழை என்றும், அதனைத் திருத்திப் பேச ஒரு நாள் தரல் வேண்டும் என்றும் கடிதம் எழுதினேன். சித்திரைத் திங்களில் வருமாறு விடை வந்துள்ளது.